பல் பதிந்த சுங்கான்

வெரிபீ என்ற புறநகரில் தன் கராஜிலேயே மரவேரைக் கடைந்து சுங்கான் செய்யும் ஒருவரிடம், அப்பா புகைத்த பழைய சுங்கானைக் கொண்டுபோனேன். வாயில் வைக்கும் முனை, பல் பதிந்து கரடுமுரடாக இருந்தது. அவருக்கு நாற்பது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் மரத்தூள். சுங்கானை வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த முனையைப் பெருவிரலால் தடவினார்.

"அப்பா இருக்கிறாரோ?"

"இல்லை, போன வருசம் மோசம் போயிட்டார். புதுசு மாதிரி மினுக்கித் தருவீங்களோ?"

"மினுக்கலாம். ஆனா அவரின்ர பல்லுத் தடம் போயிடும்."

அவர் தொழில் பழகத் தொடங்கியபோது அவருடைய அப்பாவும் ஊரில் இறந்திருக்கிறார். பார்சலில் வந்த அப்பாவின் சுங்கானைத்தான் முதல் வேலையாக எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து மினுக்கினாராம்.

"பழக்கின வெள்ளைக்காரர் நல்ல வேலையெண்டு கைகுடுத்தவர். எனக்கும் பெருமைதான். வீட்ட கொண்டுபோய் வாயில வச்சுப் பார்த்தனான். அப்பாவைக் காணேல்லை."

என்னுடையதில் சாம்பலை மட்டும் சுரண்டித் துடைத்துத் திருப்பித் தந்தார். அவருடையது மேசையில் கண்ணாடிபோல மினுங்கியது. நான் புறப்படும்போது அதைக் கையில் எடுத்து, முனையில் எதுவுமே இல்லாத அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.