விரல் தள்ளும் வேகத்துக்கு ஓர் இசை

1. நின்று நின்று போன டிராக்

"தம்பி, ஃபைல் கெட்டுப்போச்சுங்களா? நடுவுல நடுவுல நின்னு போகுதே."

நாமக்கல்லில் நடன ஆசிரியை கல்பனாவின் பயிற்சிக் கூடத்தில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருப்பவர்களைப் பற்றி ஐந்து நிமிட நடனம். அதற்கு இசை என்னுடையது. நான்கு வருடம் ஒரு ஸ்டுடியோவில் அடுத்தவர் பாட்டுகளுக்கு எடிட் செய்தவன் நான். என் பெயர் போட்டு வெளியே போகவிருந்த முதல் வேலை இதுதான். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருந்தது.

"கெடலைங்க மேடம். அது லோடிங். ரீல் வர்றதுக்கு முன்னால வட்டம் சுத்துமில்லீங்களா, அதுங்க."

ஆட வந்திருந்த ஆறு பெண்களும் சிரித்தார்கள். அவர்களில் திவ்யா என்பவள், "எங்க ஊர்ல அது சுத்தி ரொம்ப நாளாச்சுங்கண்ணா. நீங்க எந்தக் காட்டுல இருக்கீங்க?" என்றாள்.

கொல்லிமலை என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

தப்பு என்னுடையதுதான். மலைமேல் வளப்பூர் நாடு என்ற எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் மட்டுமே டவர் கிடைக்கும். அதன்மேல் உட்கார்ந்து இருபது நிமிடம் ரீல்ஸ் பார்த்தேன். பக்கத்தில் ரெக்கார்டரை ஓடவிட்டேன். எந்த ரீலில் எத்தனை விநாடி நிற்கிறேன், எப்போது தள்ளுகிறேன் என்று நோட்டில் குறித்து, அதையே தாளமாக மாற்றினேன். வட்டம் சுற்றிய நேரமெல்லாம் மௌனமாக வந்துவிட்டது. எங்கள் பாறையில் எல்லோரும் அப்படிக் காத்திருந்துதான் பார்ப்பார்கள். உலகமே அப்படிப் பார்ப்பதாக நினைத்துவிட்டேன்.

"புதன்கிழமை வரைக்கும் பாக்குறேன் தம்பி. சரியாகலைன்னா ரெடிமேட் மியூசிக் ஏதாச்சும் எடுத்துக்குறேன். கோச்சுக்காதீங்க" என்றார் கல்பனா.

2. நிற்காத டிராக்

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இயர்போன் இல்லாமல் போன் பார்ப்பவர்களாகத் தேடி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாதி ஜோக், கடுகு வெடிக்கும் சத்தம், யாரோ அழுவது, பிளாட் விற்பனை, சாமி பாட்டின் முதல் வரி. எதுவும் முழுதாக ஓடி முடியவில்லை. சிரிப்பு ரீலுக்கும் அழுகை ரீலுக்கும் பார்ப்பவர் முகம் ஒரே மாதிரி இருந்ததையும் குறித்துக்கொண்டேன்.

ஒரு பெரியவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஏனுங்க, என்ர போனையே பாக்குறீங்க, உங்ககிட்ட இல்லீங்களா?" என்றார். மன்னிப்புக் கேட்டு வேறு பெஞ்சுக்கு மாறினேன்.

இரண்டாவது டிராக்கில் இடைவெளியே வைக்கவில்லை. ஒரு துண்டு முடியுமுன் அடுத்தது ஏறிவிடும். தாளத்தின் வேகமும் கூடிக்கொண்டே போகும்.

"இதுதான் தம்பி, இதுதான்!" என்று கல்பனா கைதட்டினார். ஆட ஆரம்பித்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் திவ்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூச்சு உடறதுக்கு எடமே இல்லீங்கண்ணா. நீங்க ஒருவாட்டி ஆடிப் பாருங்க."

கல்பனா யோசித்துவிட்டுச் சொன்னார். "எங்கயாச்சும் நிறுத்தணும் தம்பி. சும்மா நிறுத்துனா மறுபடியும் ஃபைல் கெட்டுப்போன மாதிரி இருக்கும். நிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்."

அன்று செவ்வாய்க்கிழமை.

3. ரீலுக்கு அடியில்

மலைக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வழி தெரியாதபோது எடிட் செய்யாத மூலப் பதிவைத் திரும்பக் கேட்பது ஸ்டுடியோவில் கற்ற பழக்கம். முதல்முறை போன் சத்தத்தை மட்டுமே கவனித்திருந்தேன். இப்போது பாறையில் எடுத்த அந்தப் பதிவை ஹெட்போனில் முழுவதும் கேட்டேன். பாதிக்குமேல் ஓடியதும், ஒரு காமெடி ரீலுக்கு அடியில் அப்பாவின் குரல் இருந்தது.

"கண்ணு, மேகம் கட்டுது. தார்ப்பாய ஒரு பக்கம் புடி."

அடுத்த ரீல். அதற்கடுத்த ரீல். "கண்ணு..."

அதன்பின் என் சிரிப்பு. எந்த ரீலுக்கு என்று நினைவில்லை. பிறகு மூன்றாவது முறை: "சாமி, மொளகு நனையுது பாரு." அப்புறம் தார்ப்பாய் பாறையில் இழுபடும் ஓசை. ஒரே ஒரு ஆளின் காலடி.

அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. தூறல் வலுத்ததும் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அதே பாறையில் காயப்போட்டிருந்த மிளகில் பாதி நனைந்து, பிறகு பூசணம் பிடித்தது. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமில்ல?" என்று நான்தான் அவரைக் கடிந்துகொண்டேன்.

களத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், "அன்னைக்கு மூணு தடவ கூப்ட்டீங்களாப்பா?" என்றேன்.

"கூப்ட்டேன்."

"நான் திட்டுனப்ப ஏன் சொல்லல?"

"உனக்கு வேலையே அந்தப் போன்லதான. எது வேலை, எது வெளையாட்டுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? படிச்ச புள்ள, தொந்தரவு வேண்டாம்னு உட்டுட்டேன்."

குத்திக்காட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் வேலை எப்படி இருக்கும் என்று நான் வீட்டில் ஒருநாளும் விளக்கியதில்லை.

"அந்தக் குரலை மேடையில போடட்டுங்களாப்பா?"

"மொளகு நனையுதுன்னா? சனம் எந்திரிச்சு ஓடிரும்." முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு, "போடறதுன்னா யாராச்சும் வந்து தார்ப்பாயப் புடிக்கிற மாதிரி போடு" என்றார்.

புதன்கிழமை மூன்றாவது டிராக்கைக் கொண்டுபோனேன். முதல் இரண்டு அழைப்புகளின்மேல் துண்டுகள் நிற்காமல் ஓடும். மூன்றாவது அழைப்பில் எல்லாம் நிற்கும். ஆடுபவர்கள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். திவ்யா திரும்பி ஓடிப்போய், இல்லாத தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்குவாள். அப்பா சொன்னபடி வைத்த அந்த இடத்தைக் கல்பனா மாற்றவே இல்லை. அழைப்பிதழில் என் பெயர் வந்தது. நிகழ்ச்சியன்று அந்தக் குரலுக்கு, முன்வரிசையில் சிலர் யார் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பதிவு செய்ததை ஒருமுறையாவது, எதையும் தேடாமல் முழுக்கக் கேளுங்கள். நமக்கு வேண்டிய சத்தத்தைத் தேடும்போது, நம்மைத் தேடுகிற சத்தம் காதில் விழாது.

இப்போது பாறையில் உட்காரும்போது அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்: "வேலைதாங்கப்பா. ஆனாலும் கூப்பிடுங்க." அவரும் கூப்பிடுகிறார். பாதி நாள் காரணமே இருப்பதில்லை. திரும்பிப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல, பாரு உன் வேலைய" என்று போய்விடுகிறார்.