அழுகாத ஐந்து கத்தரிக்காய்

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். உதிரிபாகங்களைப் பத்திரமாக வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கொடுப்பதில்தான் தகராறு. மெக்கானிக் யாராவது பிரேக் லைனிங் கேட்டுக் கவுண்டருக்கு வந்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பழசைக் கொண்டு வந்தியா?" என்பார். பழையதை ஒப்படைத்தால்தான் புதியது, அது விதி. கொண்டுவந்தாலும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஒரு மாசம் தாங்கும்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இது விதியில் இல்லை.

ஓய்வுபெற்ற மறுவாரமே வீட்டு பிரிட்ஜில் கை வைத்தார். சந்தையிலிருந்து வந்த காய்களையெல்லாம் கழுவி, ஈரத்தோடு, வாழைப்பழத்தையும் சேர்த்து ஒரே பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். மூன்றாம் நாள் பையைப் பிரித்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே இந்தக் கதவைத் தொட்டுப் பாருங்க, தெரியும்."

அன்றிலிருந்து தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றாலும் அவளைத்தான் கேட்க வேண்டும். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடந்த மனிதர், சொந்த வீட்டில் கவுண்டருக்கு வெளிப்பக்கம் நின்றார். அது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

மகளுக்குக் கால் பிசகியது. மனைவி ஒரு வாரம் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று.

"காயெல்லாம் வாங்கி வெச்சிருக்கேன். பட்டினி கிடக்காதீங்க."

"நீ வர்றப்போ ஒண்ணுகூட அழுகாம இருந்தா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே யோசித்தாள். "பிரிட்ஜ் உங்க கையில. ஒண்ணே ஒண்ணு அழுகியிருந்தாலும், ஆயுசுக்கும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது."

அவள் ஆட்டோ திரும்புவதற்குள் அவர் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரிடம் போய் நின்றார். ஒரு மணி நேரம் கேள்விமேல் கேள்வி. வண்டிக்காரருக்கு வியாபாரமே போய்விட்டது. "வாழைப்பழத்தைத் தனியாப் போடுங்க சாமி, அது கூட இருக்கறதையெல்லாம் பழுக்க வெச்சிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீடு டிப்போ ஆயிற்று. கொத்தமல்லி, தண்ணீர் டம்ளரில் பூங்கொத்துபோல் நின்றது. தலையில் ஒரு பை முக்காடு. கேரட்டின் இலைகள் வெட்டப்பட்டன. பச்சைமிளகாய்க்குக் காம்பு போயிற்று. உருளைக்கிழங்கும் வெங்காயமும் முகம் முறித்துக்கொண்ட சம்பந்திகள்போல் ஆளுக்கொரு அறையில் இருந்தன. செங்காய்த் தக்காளிகள் தட்டில் குப்புறப் படுத்தன. கத்தரிக்காய் ஐந்தும் ஆளுக்கொரு காகிதச் சட்டை போட்டுக்கொண்டன. கீரை, வீட்டிலிருந்த கடைசித் துண்டைச் சுற்றிக்கொண்டது. அவர் குளித்துவிட்டுப் போர்வையில் துவட்டிக்கொண்டார். வாழைப்பழச் சீப்பு படுக்கையறையில் கொசுவலைக் கொக்கியில் தொங்கியது. அதற்குக் கீழே அவர் கால்மாட்டில் தலைவைத்துத் தூங்கினார்.

இரண்டாம் நாள் பசித்தது. ஒரு கத்தரிக்காயை எடுத்தார். சட்டையைக் கழற்றினார். பளபளவென்று இருந்தது. இத்தனை நல்ல பொருளை வெட்ட யாருக்கு மனசு வரும்? சட்டையை மாட்டி உள்ளே வைத்துவிட்டு எதிர் ஓட்டலுக்குப் போனார். மூன்றாம் நாளும் போனார். வாழைப்பழம் மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் பழுத்தது. கறுப்புப் புள்ளி விழுந்ததையெல்லாம் வேறு வழியில்லாமல் சாப்பிட்டார்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, தக்காளி இருக்கா? ரெண்டே ரெண்டு. அடுப்புல எண்ணெய் காயுது."

"இருக்கு." அவர் வாசலை மறைத்து நின்றார். வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது. "பழசைக் கொண்டு வந்தியாம்மா?"

"எதை?"

"பழைய தக்காளி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா எப்பண்ணே வருவாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

எட்டாம் நாள் காலை மனைவி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேரே பிரிட்ஜ். கீரையை முகர்ந்தாள். கேரட்டை ஒடித்தாள், படக்கென்று ஒடிந்தது. கத்தரிக்காய்களைக் கிள்ளிப் பார்த்தாள். ஸ்டோர் கீப்பர் பின்னால் நின்று, தணிக்கை அதிகாரி வந்த நாள்போல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுகூட அழுகல" என்றாள்.

"ஆமா."

"நான் அஞ்சு கத்தரிக்காய் வாங்கினேன். அஞ்சும் இருக்கு."

"ஒண்ணுகூடக் குறையாது" என்றார் பெருமையாக.

"அப்போ ஒரு வாரமா என்ன சாப்பிட்டீங்க?"

அவர் ஜன்னல் வழியாக எதிர் ஓட்டல் பக்கம் பார்த்தார். அங்கே பரிமாறுகிறவர், "சார், இன்னைக்கு வரலையா?" என்று கை காட்டினார்.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "சொன்னா சொன்னதுதான். இனிமே பத்திரமா வைக்கிறது உங்க வேலை" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "ஆனா எடுக்கறது நான்."

சொன்னவள் கையோடு ஐந்தையும் எடுத்துக்கொண்டாள். கத்தி இறங்கும்போதெல்லாம் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

மதியம் கத்தரிக்காயை வதக்கித் தட்டில் வைத்தாள். முதல் கவளம் வரை அவருக்குத் துக்கம்தான். இரண்டாவதில் ஓட்டல்காரர்மேல் கோபம் வந்தது. நிமிர்ந்தபோது தட்டில் ஒன்றுமில்லை.

"இன்னும் கொஞ்சம் போடு."

கரண்டியைப் பிடித்தபடி அவள் அவரைப் பார்த்தாள். காலையிலேயே பக்கத்து வீட்டுப் பெண் வந்து தக்காளிக் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"பழசைக் கொண்டு வந்தீங்களா?"

ஸ்டோர் கீப்பர் ஒரு கணம் யோசித்தார். விதி விதிதான். வழித்து நக்கிய தட்டை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

அவள் தட்டை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.