பச்சை நார் பிரியாத ஸ்பாஞ்ச்

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வாங்கப் போனால், முதலில் அதன் பச்சை நாரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். கடையில் நின்றபடியே, காசு கொடுப்பதற்கு முன்பே. "பட்டுப்புடவைக்கே நீ இவ்ளோ பாக்க மாட்டியே" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். நார் வராது. இப்போது விற்கிற எதிலும் வருவதில்லை. எங்கள் வீட்டு ஸ்பாஞ்சில் அது வராமல் போன கதையை அவரிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை.

நைனா செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டின் மேல் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். பைக் சீட்டுக்கும் ஆட்டோ சீட்டுக்கும் வெட்டியதுபோக மிஞ்சிய ஃபோம் துண்டுகள் வீட்டுப் பின்னறையில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடக்க, அவற்றில் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஒருநாள் நைனா அவற்றையெல்லாம் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு பக்கத்தில் சீட் ஒட்டும் சொல்யூஷன் பசையைத் தடவிப் பச்சை நாரை ஒட்டி, பஜார் கடைகளுக்கும் அனந்தபுரம் சந்தைக்கும் போட ஆரம்பித்தார். அவருக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சரக்கைச் சோதிப்பது அம்மா. கேழ்வரகுக் களி கிண்டி அடிப்பிடித்த சட்டிதான் பரீட்சை. அதில் தேறினால் எந்தச் சட்டியிலும் தேறும் என்பாள். "நடுவுல இடுப்பு மாதிரி வெட்டுய்யா, கை வழுக்காது" என்றாள், நைனா வெட்டினார். டம்ளர் அடி தேய்க்க ஒரு மூலையைக் கூராக்கச் சொன்னாள், ஆக்கினார். ஈரம் நின்று நாறுகிறது என்றாள். பெரிய பெரிய கண் வைத்த ஃபோமாகத் தேடி எடுத்தார். எல்லாம் சரியாயிற்று, ஒன்றைத் தவிர. நான்கு நாள் புளித்தண்ணீரிலும் சோப்பிலும் ஊறினால் பச்சை நார் தோல் உரிகிற மாதிரி கழன்று வந்துவிடும்.

"இன்னாப்பா, நாரு தனியா நுரை தனியா தர்றியே, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயா?" என்று பஜாரில் மளிகைக்காரர் கேட்டாராம். நைனா அன்று சாப்பிடவில்லை.

தீர்வைக் கண்டுபிடித்தது நான். அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இறக்கி வைத்த தோசைக்கல்லின் மேல் ஒரு ஃபோம் துண்டை வைத்து என்ன ஆகிறதென்று பார்த்தேன். அதன் முகம் உருகிப் பிசுபிசுத்தது. அடி விழுமே என்று அவசரமாக எடுத்து, பக்கத்தில் கிடந்த பச்சை நார் மேல் போட்டேன். ஆறியபிறகு இரண்டையும் பிரிக்க முடியவில்லை. நைனா பல்லால் கடித்து இழுத்தும் முடியவில்லை. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த வயதிலும் தூக்கினார்.

அதன் பிறகு சொல்யூஷன் டப்பாவுக்கு வேலை இல்லை. ஃபோமின் முகத்தைச் சின்ன கேஸ் அடுப்பின் தீயில் காட்டி, உருகியதும் நாரின் மேல் வைத்து அழுத்த வேண்டும். மலைக்காற்றில் தீ ஆடும் என்று பின்னறை ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தார் நைனா. எதிர்க்கடைக்காரன் வந்து எட்டிப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொள்வானோ என்று கதவையும் சாத்தினார். அவர் கடைக்குப் போய்விட, அந்த அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அம்மா உட்கார்ந்து ஃபோமை வாட்டினாள். மூக்கையும் கண்ணையும் கரிக்கிற ஒரு மஞ்சள் புகை அங்கே நின்றுகொண்டே இருக்கும்.

நான் உள்ளே நுழைந்தாலே அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"வெளிய போடி."

"நான்தான கண்டுபிடிச்சேன்?"

"கண்டுபிடிச்சிக் கிழிச்ச. வெளிய போன்னு சொல்றேன் இல்ல?"

வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து, ஒட்டிய ஸ்பாஞ்சை முக்கி முக்கி இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டாள். எனக்கு வயிறெரிந்தது. என் யோசனையை எடுத்துக்கொண்டு என்னையே வாசலில் நிறுத்திவிட்டாளே என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரியிடம் அம்மாவைத் திருடி என்றே சொன்னேன்.

ஸ்பாஞ்ச் ஓடியது. மளிகைக்காரர் வீடு தேடி வந்து வாங்கிப் போனார். அம்மாவுக்கு இருமல் அந்த ஆடியில் வந்தது. முதலில் வறட்டு இருமல், பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கி வருவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தாள். கஷாயம், மருந்துக்கடை சிரப் எதற்கும் அடங்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர், தாமதிக்காமல் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

கேள்விப்பட்டு அத்தை தொண்டூரிலிருந்து வந்தார். நைனாவின் அக்கா, மூக்குப்பொடி போடுகிறவர். "ஊர் கண்ணு பூரா ஒங்க யாபாரத்து மேல. இதுக்குப் போயி ஆஸ்பத்திரின்றியேடா" என்றார்.

நைனா இரண்டு மனமாக நின்றார். "சரி, சுத்திப் போடு. நெடி வரலைன்னா கண்ணுதான், கோயில்ல மந்திரிச்சிக்கலாம். நெடி வந்துச்சின்னா நோவு. நாளைக்கே விழுப்புரம் போயிடறோம்."

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனார். வெள்ளை வேனில் வந்தார். அங்கே போனவர்கள் உயிரோடு திரும்ப மாட்டார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். பின்னறையில்தான் அம்மாவை உட்கார வைத்தார்கள். காய்ந்த மிளகாய், கல் உப்பு, முச்சந்தி மண். அத்தை மூன்று முறை சுற்றி, தணல் சட்டியில் போட்டார். மிளகாய் வெடித்துக் கருகியது. எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள்.

"வர்ல பாரு" என்றார் அத்தை. அவர் மூக்கு பொடியில் அடைபட்டு எத்தனையோ வருஷம். "எனக்கும் ஒண்ணும் தெரிலக்கா" என்றார் நைனா. சொல்யூஷன் டப்பாவிலேயே மூக்கை வைத்துப் பிழைத்தவர். அம்மா இருமினாள். அவள்தான் எப்போதும் இருமுகிறாளே, அதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

நைனா என் பக்கம் திரும்பினார். "புள்ளைங்க மூக்குதான் சுத்தம். நீ சொல்லும்மா, நெடி வருதா?"

வந்தது. தொண்டையில் தீக்குச்சி கிழித்த மாதிரி வந்தது. நான் கையிலிருந்த ஸ்பாஞ்சை வாயில் வைத்துக் கடித்தேன். இருமலை நெஞ்சுக்குள்ளேயே அமுக்கினேன். தலையை ஆட்டினேன், இல்லை என்று. "பாத்தியாடா, பச்சப்புள்ள பொய் சொல்லுமா?" என்றார் அத்தை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் நின்றது. "வெளிய போடி" என்றாள்.

விழுப்புரம் போகவில்லை. மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு, அடுத்த வாரமே அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்தாள். தை பிறந்தபோது அவள் இல்லை. நைனா அந்த அடுப்பை அதன்பின் பற்றவைக்கவில்லை.

ஃபோமை வாட்டினால் வருவது விஷம் என்று வெகுகாலம் கழித்து ஒரு தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. கண் எரிகிற இடத்தில் பிள்ளை நிற்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். தினமும் என்னை விரட்டி விரட்டி அவள் காப்பாற்றி வைத்த மூக்கு அது. அந்த வீட்டில் நெடி தெரிந்த மூக்கும் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நான் பொய் சொன்னேன். நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு இதெல்லாம் தெரியவில்லை. தெருக்குழாய் வரை ஓடி, அங்கே குனிந்து நின்று, குடல் வெளியே வருகிற மாதிரி இருமித் தீர்த்தேன். முகம் கழுவிக்கொண்டேன். ஸ்பாஞ்சில் என் பல் தடம் பதிந்திருந்தது. நார் மட்டும் அப்போதும் பிரியவில்லை. அம்மாவை நான் காப்பாற்றிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.