டிபன் கேரியரின் நடு அடுக்கு

1979 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வைத்தேன், சவரம் செய்துகொண்டேன், பெட்டியில் உள்ளவற்றைப் பட்டியலோடு ஒருமுறை சரிபார்த்தேன். ஐந்தே முக்காலுக்குக் கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டு வாசலுக்கு டாக்ஸி வந்தது. மனைவி மூன்றடுக்கு டிபன் கேரியரைக் கொடுத்தாள். மேலே இட்லி, நடுவில் தயிர் சாதம், அடியில் எலுமிச்சை சாதம்.

நான் வேலை பார்த்தது கார்டன் ரீச் பக்கம், பீர் பாட்டில் கழுவும் இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில். பதினோரு வருஷமாக ஜெர்மன் வரைபடங்களைப் பார்த்து வரைந்தேனே தவிர, ஒரு பீர் ஆலையில் அந்த இயந்திரம் ஓடிப் பார்த்ததில்லை. மூனிக்கில் ஆறு ஆலைகளைச் சுற்றிக் காட்ட அழைப்பு வந்தது. என்னோடு விற்பனைப் பிரிவுக்காரன் ஒருவனையும் சேர்த்து அனுப்பினார்கள். திருநெல்வேலிக்காரன், எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவன். அவனை எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை.

டம்டம் விமான நிலையத்தில் பனிமூட்டம். காலை தில்லி விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். மதிய விமானத்தில் ஒரே ஓர் இடம் கிடைக்கலாம், ஒன்றரைக்குள் கூப்பிடுவோம் என்றாள் கவுண்டரில் இருந்த வங்காளிப் பெண். அன்றிரவு தில்லியில் ஜெர்மனி விமானத்தைப் பிடிக்காதவனுக்குப் பயணமே கிடையாது. ஆபீஸுக்குப் போன் செய்தேன். "சீனியர் போகட்டும்" என்றார் மேனேஜர். சர்வீஸில் அவனைவிட நான் மூன்று மாதம் மூத்தவன். பின்னால் பேச்சு வரக் கூடாது என்று ரிசீவரை அவன் காதிலும் வைத்தேன்.

மீதி நேரமெல்லாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நடுவில் அவன் ரெஸ்டாரண்டுக்குப் போய் மட்டன் கட்லெட்டும் ஒரு பீரும் முடித்துவிட்டு வந்தான்.

"ஓய், அங்க போயி பீர் குடிப்பீரா, மோர் கேப்பீரா?"

"நான் மெஷின் பார்க்கப் போறேன். குடிக்க இல்ல."

"கோயிலுக்குப் போயி செருப்பு ஸ்டாண்டை மட்டும் பாத்துட்டு வாரேங்கீரு. உம்மையப் போயி அனுப்புதானுவளே!"

பிறகு கேட்காமலே என் கேரியரைத் திறந்தான். "வீட்டு இட்லிய எவன்வே வேண்டாம்பான்?" ஆறில் நாலை அவன் தின்றான். நான் மிச்ச இரண்டையும் எலுமிச்சை சாதத்தையும் முடித்தேன். தயிர் சாதம் தில்லியில் காத்திருக்கும் நேரத்துக்கு.

எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் மூடி எடுத்துப் போவது எங்கள் வீட்டில் கிடையாது. மணி ஒன்று இருபது. தயிர் சாத அடுக்கை நாற்காலியில் வைத்தேன். "கூப்பிட்டா ஒரு குரல் குடுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, காலி அடுக்குகளோடு குழாய்க்குப் போனேன். தண்ணீர் நூல் போல வந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் போக இரண்டு முறை சோப்புப் போட்டேன், மூன்று முறை அலசினேன். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது நாற்காலியில் அவனும் இல்லை, தயிர் சாதமும் இல்லை. கவுண்டர் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"காலையிலிருந்தே உங்களுக்கு வயிறு சரியில்லையாமே. நீங்களே அவரைப் போகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இந்த உடம்போடு ஏன் வந்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"எனக்கு ஒரு கோளாறும் இல்லை!"

"அப்படியானால் இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்?"

கையிலிருந்த ஈர அடுக்குகளைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரித்தாள். விமானத்துக்குப் போகும் கதவைச் சாத்தியாகிவிட்டது என்றாள். கண்ணாடிக்கு அப்பால் அவன் விமானத்தின் படி ஏறிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பை, மறு கையில் என் பெயர் வெட்டிய தயிர் சாத அடுக்கு. திரும்பிப் பார்க்கவில்லை.

நடு அடுக்கு இல்லாமல் கேரியர் பூட்டவில்லை. டாக்ஸியில் வீடு வரை கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. மனைவி கேட்டதற்கு, "பனி" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, காப்பிகூடக் குடிக்காமல், அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் மனைவி திறந்தாள்.

"அண்ணாச்சி! நீங்க போவலையா? அவுக?"

"போயிட்டார். என் கேரியர் அடுக்கையும் எடுத்துட்டுப் போயிட்டார். அதே அளவுல ஒண்ணு குடுங்க."

ஒன்றும் புரியாமல் உள்ளே போய் ஓர் அடுக்கை எடுத்து வந்தாள். அவன் பெயர் வெட்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, நடுவில் வைத்துப் பூட்டினேன்.