மணி நின்ற பிறகு

கௌஸ் மொய்தீனுக்குக் கம்ப்யூட்டர் மீது பெரிய மயக்கம். கல்லாவியிலிருந்து வந்து, மூக்கண்டப்பள்ளியில் வாடகை அறை எடுத்து, ஞாயிறுதோறும் பெங்களூருக்கு பஸ் ஏறி புரோகிராம் எழுதக் கற்ற மனிதன். மயங்காமல் என்ன செய்வான்? எண்பத்தொன்பதில் ஃபேக்டரி உலைக்கு மணி அடிக்கும் புரோகிராமை எழுதித் தந்தபோது மேனேஜரே முதுகில் தட்டினார்.

விஷயம் எளிது. சூடு 950 டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கும். உலைக்காரர் மாரிமுத்து எண்ணெய் வால்வை மூடுவார். சூடு இறங்கி மணி நின்றதும் கதவைத் திறப்பார். முன்பெல்லாம் மீட்டரை எட்டிப் பார்ப்பார். மணி வந்தபின் அந்தப் பழக்கம் போய்விட்டது. காதை நம்பினார்.

மீட்டரின் சூடு கம்ப்யூட்டருக்கு எழுத்தாகத்தான் வந்தது. அதை எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். கௌஸ் மாற்றவில்லை. 950-ஐயும் எழுத்தாகவே எழுதி, நடுவில் ‘பெரியது’ என்ற குறியைப் போட்டான். எண்ணுக்கும் எழுத்துக்கும் அந்தப் புரோகிராம் மொழியில் ஒரே குறிதான். கம்ப்யூட்டர் முணுமுணுக்கக்கூட இல்லை. சோதனையில் 980 வரை ஏற்றினார்கள். மணி கணீரென்று அடித்தது. அதற்கு மேல் ஏற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, பாழாய்ப் போக.

தினமும் காலையில் உலையைப் பற்றவைத்ததும், நூறு டிகிரிக்குச் சற்று முன்னால் மணி ஒருமுறை சிணுங்கி அடங்கும். உலை சலாம் வைக்கிறது என்று மாரிமுத்து சிரிப்பார். கௌஸும் சிரித்தான்.

ஒரு மார்கழி மாதத்தில் வால்வு சரியாக மூடவில்லை. மணி வெகுநேரம் அடித்தது. கேபினில் இருந்த கௌஸ் நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு மணி நின்றது. அப்பாடா என்று திரையைப் பார்த்தான். சூடு ஆயிரம்.

அந்தக் கணமே புரிந்துவிட்டது. பெயர்களை அகரவரிசையில் அடுக்குவதுபோல், கம்ப்யூட்டர் முதல் எழுத்திலிருந்து பார்த்திருக்கிறது. ஒன்று, ஒன்பதைவிடச் சின்னது. அதனால் ஆயிரமும் அதற்குச் சின்னது. காலைச் சிணுங்கலும் அதே கோளாறுதான்: 96-இன் ஆறு, 950-இன் ஐந்தைவிடப் பெரியது.

“தெறக்காதீங்கண்ணா” என்று கத்திக்கொண்டே ஓடினான். ஷெட்டின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கதவு திறந்து நெருப்பு வெளியே பாய்வதைத்தான் பார்த்தான்.

மாரிமுத்து பிழைத்தார், கண்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொல்ல கௌஸ் வாயெடுத்தான். அவன் அழுவது கேட்டு, அவர் கட்டுப்போட்ட கையால் துழாவி அவன் தோளைத் தொட்டார்.

“வெசனப்படாத பாய். உன் மணி சரியாத்தான் அடிச்சுது. அது நின்னப்பறந்தான் நான் தெறந்தேன்.”