செம்பக்கா போகக் கூடாத கட்டடம்

லேசர் கூடத்தில் எல்லாருக்கும் அவள் செம்பக்காதான். கண்ணில் பட்ட கருவியையெல்லாம் செம்புத் தகட்டால் மூடிவிடுவாள் என்பதால் வந்த பெயர். "அசந்து நின்னா நம்மளையும் சுத்திடுவாங்க" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்தக் கூடத்தில் லேசர் ஒளியை ஊசிமுனையளவு குவித்து, காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடக் கலம் ஒன்றுக்குள் இருக்கும் உலோகத் துணுக்கின் மேல் பாய்ச்சுவார்கள். துணுக்கு ஆவியாகித் தெறிக்கும். கூடவே கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலை ஒன்று கிளம்பி, அக்கம்பக்கத்துக் கம்பிகளுக்குள்ளெல்லாம் புகுந்துவிடும். கேமரா உறைந்துபோகும். கணினி தானாக அணைந்து எழும். அளவுமானிகள் வாய்க்கு வந்ததை உளறும். ஆராய்ச்சியாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்த பதிவு ஒரு நொடியில் குப்பையாகிவிடும். எந்தப் பெட்டியில் எந்த இடுக்கு வழியாக அலை நுழைகிறது என்று தேடித்தேடி அடைப்பதுதான் செம்பக்காவின் வேலை. கல்யாணமான புதிதில் சேர்ந்தவள். இப்போது மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு அடிக்கடி கண் இருட்டிக்கொண்டு வந்தது. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். இதயம் மெதுவாகத் துடிக்கிறது, நடுநடுவே நின்று நின்று போகிறது, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

"பலமான மின்காந்த அலை பக்கத்துல வந்தா அந்தக் கருவி என்ன பண்ணும் டாக்டர்?"

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அலையையே இதயத்துடிப்புன்னு நெனச்சுக்கிட்டு, இதயத்தைத் துடிக்க வைக்காம கருவி சும்மா இருந்துடலாம். அதை வச்சதுக்கப்புறம் அந்த எடத்துக்கு நீங்க போகவே கூடாதும்மா."

பஸ் ஓட்டுகிற கணவனிடம், ரத்தம் கம்மி என்று மட்டும் சொன்னாள். அவன் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் நின்று விழுங்க வைத்தான். அவளும் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். பேஸ்மேக்கர் வைத்துக்கொள்ளாமலே வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சோதனைக்கு முன்னால் கடைசியாக ஒரு கம்பியைச் சரிபார்க்கப் போனவள், வெற்றிடக் கலத்துக்குப் பின்னால் மயங்கி விழுந்துவிட்டாள். உள்ளே யாரும் இல்லையென்று உறுதிசெய்ய வந்த காவலாளி, நெற்றி பிளந்து கிடந்தவளைப் பார்த்துக் கூப்பாடு போட்டார். ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ரத்தம் கம்மின்னுதானே சொன்ன" என்றான் அவன்.

"உண்மையைச் சொன்னா வேலைய விடச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா. சொல்லியிருப்பேன்." ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மறுநாள் அவளுக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

உடம்பு தேறித் திரும்பியவளைப் பாதுகாப்பு அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு, லேசர் கட்டடத்துக்குள் இனி எந்த நேரத்திலும் கால்வைக்கக் கூடாது என்றார்.

"கூடத்துக்குள்ள வரல சார். கட்டுப்பாட்டு அறை சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு? அங்க ஒரு மூலையில உக்காந்துக்கிறேன்."

"சுவரைத் தாண்டியும் அலை வருதுன்னு அளந்து காட்டினதே நீங்கதானேம்மா. எனக்கு மட்டும் உங்கள அனுப்ப ஆசையா?"

அந்தச் சுவருக்குத் தகடு அடிக்கச் சொல்லி இதே அதிகாரியிடம் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள்.

வளாகத்தின் மறுகோடியில், பழுதான மின்கருவிகளைச் சரிசெய்யும் அறைக்கு அவளை மாற்றினார்கள். வேலை குறைவு, சம்பளம் அதேதான். அவள் இடத்துக்கு வந்த பெண் ஆரம்பத்தில் அடிக்கடி போன் பண்ணினாள்: "அக்கா, கேமரா திரும்பவும் உறைஞ்சிடுச்சு, எங்க பாக்கறது?" செம்பக்கா கண்ணை மூடிக்கொண்டு கூடத்தை மனதில் சுற்றிவந்து பதில் சொல்வாள். போகப்போக அந்தப் பெண் தேறிவிட்டாள். போன் வருவது நின்றது.

கோடை முடிகிற நேரத்தில் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். பெரிய சோதனை ஒன்று நல்லபடியாக முடிந்ததாம். ஒரு பதிவுகூடக் கெடவில்லையாம். "சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையில கேக் வெட்றோம், கட்டாயம் வந்துடுங்கக்கா" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, மறந்தே போயிட்டேன்க்கா."

"பரவாயில்லம்மா. நல்லா சாப்பிடுங்க."

அன்று வேலை முடிந்து வந்த கணவன், இருட்டியும் விளக்குப் போடாத சமையலறையில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். என்னவென்று கேட்டான். சொன்னாள். விளக்கைப் போடப் போனவன், போடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.