மார்கழி மூஞ்சி

தாம்பரம் மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் பொட்டும் லிப்ஸ்டிக்கும் விற்ற அக்காவுக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் நம்பிக்கையே கிடையாது. யாரானாலும் வாசல் வெயிலுக்கு இழுத்துவந்து, தாடைக்குக் கீழே கலர் ரிப்பனைப் பிடித்து, அது எந்த மாச மூஞ்சி என்று பார்த்த பிறகுதான் எதையும் விற்பார்.

அன்று எனக்கு இன்டர்வியூ. ஆசையாக ஆரஞ்சு லிப்ஸ்டிக் பூசியிருந்தேன்.

"இன்னாம்மா, காமாலை வந்தா மாதிரி கீது? ஆரஞ்சு சித்திரை மூஞ்சிக்குத்தான் எடுக்கும். உன்னுது மார்கழி மூஞ்சி. மெரூன் போடு."

துடைத்துவிட்டு மெரூன் பூசினேன். ஆனாலும் ரோஷம்.

"நீங்க மட்டும் தினம் ஒரு கலர்ல பொட்டு வைக்கிறீங்க. உங்களுது எந்த மாச மூஞ்சி, அக்கா?"

"எனுக்கு ஏதும்மா மாசம்? எது விக்காம நிக்குதோ, அதான் என் கலரு."

அன்று அவர் நெற்றியில் கிளிப்பச்சை. வேலை எனக்குக் கிடைத்தது. ஆனால் யாருமே வாங்காத அந்தப் பச்சை அவருக்கு எப்படி அவ்வளவு பொருந்தியது என்று இன்றும் பொறாமைதான்.